மொனாக்கோ 1984: மழையில் யார் பெரிய ஆள்?

மழையில் நடந்த ஃபார்முலா 1 பந்தயங்களில் யார் நல்லா ஓட்டினாங்கன்னு பேச்சு வந்தால் 1984 மொனாக்கோவைத் தாண்ட முடியாது. ஜூன் 3. மழை விடவில்லை; 31 சுற்றுக் கணக்கோடு நிறுத்திட்டாங்க. முதலில் மெக்லாரனின் அலன் ப்ரோஸ்ட், அடுத்து டோல்மேனின் அயர்டன் சென்னா, மூன்றாவது டிரெல்லின் ஸ்டெஃபான் பெல்லோஃப்.

சென்னா 13-ஆவது இடத்திலிருந்து புறப்பட்டவர். பெல்லோஃப் 20-ஆவது, அதாவது கடைசி. அப்போ பெல்லோஃப்தானே பெரிய ஆள்? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த 20 கார்களில் டர்போ இல்லாதது அவருடையது மட்டும்தான். காய்ந்த சாலையில் அது பெரிய குறை. ஈரத்தில் கதையே வேற. டர்போ எஞ்சின், மிதித்துக் கொஞ்சம் கழித்துத்தான் திடீரென்று சக்தியைக் கொட்டும், பின்சக்கரம் வழுக்கும். சாதா எஞ்சின் காலுக்கு அடங்கிப் போகும். சென்னா அந்த முரட்டு டர்போவை வைத்துக்கொண்டுதான் ப்ரோஸ்டை 7 விநாடி சொச்சத்துக்கு நெருங்கினார். என் ஓட்டு சென்னாவுக்கே.

பெல்லோஃபுக்கு மூன்றாமிடமும் நிலைக்கவில்லை. டிரெல் அணியின் அந்த ஆண்டு முடிவுகள் மொத்தத்தையும் பிறகு ரத்து செய்துவிட்டார்கள்.

ப்ரோஸ்ட் கதைதான் வேடிக்கை. பாதியில் நின்றதால் 9-க்குப் பதில் 4.5 புள்ளி. கடைசியில் நிக்கி லாடாவிடம் அரைப் புள்ளியில் பட்டத்தை விட்டார். முழுசா ஓடி, சென்னாவிடம் தோற்று இரண்டாவதா வந்திருந்தால்கூட 6 புள்ளி. நிறுத்துங்கன்னு காருக்குள்ளிருந்து கையசைத்தது அவரேதான்!