தெளிந்த நீரும் தூய நீரும்

கெலாங் பாத்தாவிற்கு மேற்கே புலாய் ஆறு ஓடுகிறது. அது புலாய் மலைப்பகுதியில் தோன்றி, அலையாத்திக் காடுகளின் ஊடே சென்று ஜொகூர் நீரிணையில் கலக்கிறது. அம்மலையின் நீரைப் பெறவே சிங்கப்பூர் நகராட்சி 1927ஆம் ஆண்டில் ஜொகூர் சுல்தானுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. மலைநீருக்குக் காடு காவலாயிற்று. ஊர்களைக் கடந்துவரும் ஆற்றுநீருக்குக் காவல் யாது?

மக்கள் நெடுங்காலம் கண்ணையே நம்பினர். தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என எண்ணினர். அந்நம்பிக்கை எத்துணை உயிர்களைக் கொண்டது என்பதை நோய் வரலாறு காட்டும். 1884இல் ராபர்ட் காக் என்னும் செருமானிய அறிஞர் கல்கத்தாவில் ஒரு குளத்துநீரில் காலராக் கிருமியைக் கண்டார். சுற்றியிருந்த மக்கள் அக்குளத்திலேயே குளித்தனர், துணி துவைத்தனர், அந்நீரையே பருகினர்.

எனினும், நோய்க்கிருமியை நீரில் நேரே தேடுதல் அரிது. அது சிலவாகவே இருக்கும். அகப்படும் முன்னரே நோய் பரவிவிடும். ஆகவே அறிஞர் வேறு வழி தேடினர். 1885இல் தியோடர் எஷெரிச், குழந்தைகளின் மலத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்தார். அவர் பெயரால் இன்று அது எஷெரிச்சியா கோலி எனப்படுகிறது. அதன் வகைகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் அது நீரில் காணப்படின், அங்கே மலம் கலந்திருக்கலாம். மலத்தோடு நோயும் வந்திருக்கலாம். கள்வன் அகப்படாவிடினும் காலடித்தடம் காட்டிக்கொடுப்பது போன்றது இது. 1892இல் சார்டிங்கர் இக்கருத்தை முன்மொழிந்தார். 1904இல் ஐக்மன், 46 பாகை வெப்பத்தில் வளர்த்து அதனைப் பிரித்தறியும் சோதனையை வகுத்தார்.

நீராடும் இடங்களுக்கும் இவ்வளவுகோல் வந்தது. 1986இல் அமெரிக்கா, நன்னீரில் 100 மில்லிலிட்டருக்குச் சராசரி 126 எஷெரிச்சியா கோலிகளை எல்லையாக வகுத்தது. உப்புநீரில் அவை விரைந்து மடிவதால், ஆங்கு எண்டரோகாக்கஸ் என்னும் பாக்டீரியா சான்றாயிற்று. அதற்கு எல்லை 35. கடலேற்றம் புகும் புலாய் ஆற்றின் கழிமுகத்திற்கு இவ்வேறுபாடு பொருந்தும்.

குளிர்நாடுகளில் பிறந்த அளவுகோல் வெப்பநாட்டிற்கு அப்படியே ஒத்துவராது. ஹவாயிலும் புவெர்ட்டோ ரிக்கோவிலும் நிகழ்ந்த ஆய்வுகள், வெதுவெதுப்பான மண்ணிலும் நீரிலும் இச்சான்றுக் கிருமிகள் மலக்கலப்பின்றியும் வாழக்கூடும் எனக் காட்டின. எனவே ஒரு நாள் சோதனை போதாது. மழைக்கு முன்னும் பின்னும், ஆற்றின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் பலமுறை எடுத்து ஒப்புநோக்குதல் வேண்டும். கழிவு கலக்கும் வாயையும் தேடிக் காணுதல் வேண்டும்.

நீரில் குதிக்கும் சிறுவன் அதன் நிறத்தை மட்டுமே காண்பான். எஞ்சியதைக் காண்பது பெரியோர் கடன்.