மாறிகளும் அவற்றின் எல்லையும்

ஓர் ஊரில் இரண்டு கந்தையாக்கள் இருப்பது புதுமையன்று. வீட்டுக்குள்ளே கந்தையா என்று அழைத்தால் ஒருவரே திரும்பிப் பார்ப்பார். சந்தியில் நின்று அழைத்தால் இருவரும் திரும்புவர். கணினியின் நினைவகத்திலும் இச்சங்கடம் உண்டு. ஆனால் அங்கே, இரண்டாமவர் வந்ததும் முதலாமவர் ஓசையின்றி மறைந்துவிடுவார்.

1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி, கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொரிஸ் வில்க்ஸ் என்பாரின் தலைமையில் உருவான எட்சாக் என்னுங் கணினி தன் முதற் கணக்கைச் செய்தது. பாதரசக் குழாய்களில் ஒலியலைகளாக எண்களை ஓடவிட்டுக் காத்த அதன் நினைவகத்தில், முதலாண்டுகளில் ஏறக்குறைய 500 சொற்களுக்கே இடமிருந்தது. கட்டளைகளும் எண்களும் அதற்குள்ளேயே அடங்கவேண்டும். வில்க்ஸின் மாணவர் டேவிட் வீலர், அடிக்கடி வேண்டப்படுங் கணக்குகளைத் துணைநிரல்களாக எழுதித் துளைநாடாவிற் சேமித்து, வேண்டியபோது அழைக்கும் வழியை வகுத்தார். எனினும் நினைவகம் சுவரில்லாத ஒரே மண்டபமாகவே இருந்தது. ஒரு துணைநிரல் தன் வேலைக்கு எடுத்த இடத்தை இன்னொன்று எடுத்தால், பிழையான விடை வரும், எச்சரிக்கை வராது.

1958இல் வந்த இரண்டாம் ஃபோர்ட்ரான் மொழி சுவர் எழுப்பிற்று. துணைநிரலின் பெயர்கள் அதற்கே உரியவையாயின. பொதுவிற் பங்கிடவேண்டியவற்றைப் பொது என வெளிப்படையாக அறிவிக்கவேண்டும். 1960இல் அல்கோல் மொழியின் அறிக்கை மேலும் ஒரு படி சென்றது. ஒரு கட்டளைத் தொகுதிக்குள் நுழையும்போது அதன் மாறிகள் பிறக்கும், வெளியேறும்போது மறையும், அவற்றின் இடம் அடுத்தவர்க்குக் கிடைக்கும். ஒல்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்திரா, அடுக்கிய தட்டுகளைப்போல் மேலே வைத்து மேலிருந்தே எடுக்கும் முறையால் இதனை நடைமுறைப்படுத்திக் காட்டினார்.

ஆயினும் பழைய மண்டபம் இடிக்கப்படவில்லை. கிளீவ் மோலர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1970களின் பிற்பகுதியில் மாணவருக்காக ஆக்கிய மாட்லாப், 1984இல் வணிகப் பொருளாயிற்று. அதிலே நாம் எழுதுங் கோப்புகள் இருவகைப்படும். ஸ்கிரிப்ட் என்பது நம் பொது வேலையிடத்திலேயே இயங்கி, தான் ஆக்கிய மாறிகளை அங்கேயே விட்டுச்செல்லும். சார்பு தனக்கென ஒரு வேலையிடம் பெற்று, விடையைத் தந்துவிட்டு அதனைக் கலைத்துவிடும்.

இங்கே ஒரு பொறி உண்டு. மாட்லாப்பில் ஐ என்னும் ஆங்கில எழுத்து, மறை ஒன்றின் வர்க்கமூலத்தைக் குறிக்கும். ஒரு ஸ்கிரிப்ட் அதே எழுத்தை எண்ணிக்கைக்குப் பயன்படுத்திப் பத்துவரை எண்ணினால், பின்னர் வருவோர் எழுதுஞ் சிக்கலெண்ணில் ஐ வெறும் பத்தாகிவிடும். கணினி முறையிடாது. பாலமோ மின்சுற்றோ அவ்விடையை நம்பி அமைக்கப்படலாம். ஸ்கிரிப்டைப் பரீட்சித்துப் பார்க்கும் வேளைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே நன்று என்பது என் கருத்து. இடைவிடைகளைக் கண்ணாற் காண அதைவிட எளிய வழியில்லை.

நினைவகக் கணக்கும் பெரிது. பக்கத்துக்கு 10,000 எண்கள் கொண்ட ஒரு சதுரத் தாயம் 80 கோடி பைற்று கொள்ளும். ஸ்கிரிப்ட் அதனை ஆக்கினால், நாமே அழிக்குமட்டும் அது கிடக்கும். சார்பினுள் ஆக்கினால், வேலை முடிந்ததும் அகலும். சார்புக்கு அனுப்பினால் இரண்டு படிகளாகிவிடுமே என அஞ்சுவோர் உளர். சார்பு அத்தாயத்தைப் படிக்குமளவும் மாட்லாப் படியெடுப்பதில்லை. அதில் ஓரெண்ணையேனும் மாற்ற முனையும்போதுதான் படியெடுக்கும்.