இறங்குகிற கோடு

டிரம்முக்குப் புகை ஏற்றத் தெரியாதவனுக்கு பிசியாலஜி லேபில் வேலை இல்லை என்பார் என் சீனியர். வழவழப்பான வெள்ளைத் தாளை உருளைமேல் சுருக்கம் விழாமல் ஒட்டி, மண்ணெண்ணெய்ச் சுடருக்கு மேலே சீராகச் சுழற்ற வேண்டும். கை தயங்கினால் தாள் கருகும். அவசரப்பட்டால் கரி திட்டுத் திட்டாகப் படியும். அந்தக் கரித்தாளில் ஊசிமுனை உரசி வெள்ளைக் கோடு போடும். கோடு விழுந்ததும் தாளை அறுத்தெடுத்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் முக்கிக் காயவைத்தால் கரி கையில் ஒட்டாது. மாணவர்கள் அதை ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். கைமோகிராப் என்ற அந்தக் கருவி 1840களில் ஜெர்மனியில் கார்ல் லுட்விக் உருவாக்கியது. எங்கள் காலம் வரைக்கும் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லாமலே அது ஓடிக்கொண்டிருந்தது.

மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூர் ஸ்டேஷன் வரை சைக்கிள், அங்கிருந்து மின்சார ரயில். என்னைப் போலவே எங்கள் லேபுக்குத் தவளைகளும் இந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தன. மழைக்காலத்தில் அம்பத்தூர் ஏரி, புழல் ஏரி ஓரங்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு இறங்குகிற ஆட்கள் இருந்தார்கள். அதில் ஒரு பெரியவர் நனைத்த சாக்கில் தவளைகளைக் கட்டி, ரயிலில் காலுக்கடியில் வைத்துக்கொண்டு வருவார். கால் பெருத்தவை ஏற்றுமதிக்காரர்களுக்குப் போய்விடும், மிச்சம்தான் கல்லூரிக்கு. எப்போதாவது ஒன்றை எடுத்து நீட்டி, “தம்பி, இது தொடையப் பாரு, உங்க கோடு ஒசரமா விழும்” என்பார். விழும்தான். 1987இல் தவளைக்கால் ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. சாக்கும் கொஞ்ச நாளில் நின்றது.

செய்முறை இதுதான். தவளையின் மூளையையும் தண்டுவடத்தையும் ஊசியால் அழித்துவிட்டு, கெண்டைக்கால் தசையை சியாட்டிக் நரம்போடு சேர்த்து எடுப்போம். எடுத்ததை ரிங்கர் கரைசலில் வைத்தால் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்தக் கரைசலுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. 1880களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர், தவளை இதயம் வெறும் உப்புநீரில் நன்றாகத் துடிக்கிறது என்று எழுதிவைத்தார். பிறகு பார்த்தால் உதவியாளர் அதுவரை காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சுத்த நீரில் கரைத்ததும் இதயம் நின்றுவிட்டது. லண்டன் குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதைத் துடிக்க வைத்தது என்று 1883இல் ரிங்கர் வெளியிட்டார். எங்கள் தெரு போர் தண்ணீரில் பாத்திரத்தில் படிகிற வெள்ளைத் திட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த உதவியாளர் என் நினைவுக்கு வருவார். லேப் ஊழியன் பிழையால் விஞ்ஞானம் முன்னேறிய கதை என்றால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம்.

நரம்பில் ஒரே ஒரு மின்தூண்டல் கொடுத்தால் டிரம்மில் ஒரு மேடு விழும். அடியில் இசைக்கவை நொடிக்கு 100 அதிர்வு வீதம் அலை போடும், அதை எண்ணித்தான் கணக்கு. தூண்டலுக்கும் ஏற்றத்துக்கும் இடையே 0.01 வினாடி, ஏற்றம் 0.04, இறக்கம் 0.05. எல்லா மாணவர்களும் ஏற்றத்தைத்தான் பார்ப்பார்கள். வாய்மொழித் தேர்வில் கேட்பதும் ஏற்றத்தைப் பற்றித்தான். சுருங்குவதைவிட தளர்வதற்கு அதிக நேரம் எடுக்கிறதே, ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. இழுப்பதுதானே வேலை, விடுவதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம்.

அந்த எண்ணத்தைக் குலைக்கிற செய்முறை களைப்பு வரைகோடு. தசையைத் திரும்பத் திரும்பத் தூண்டி, பத்தாவது, இருபதாவது, முப்பதாவது சுருக்கங்களை ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவோம். மேட்டின் உயரம் குறையும், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதைவிடக் கண்ணில் படுவது இறங்குகிற கோடு. அது நீண்டு இழுபடும். ஒரு கட்டத்தில் அடிக்கோட்டுக்கு வந்து சேராமலே நின்றுவிடும். களைத்த தசை தொங்கிப் போகவில்லை, விட முடியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு 1920களில் ஒரே பதில்தான்: லாக்டிக் அமிலம். தசையின் வெப்பத்தை அளந்த ஏ. வி. ஹில், தசையில் லாக்டிக் அமிலக் கணக்குப் பார்த்த ஓட்டோ மேயர்ஹோஃப் இருவருக்கும் 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்திருந்தது. லாக்டிக் அமிலம் உண்டாவதுதான் தசையைச் சுருக்குகிறது என்பது அன்றைய தீர்ப்பு. அதை உடைத்தவர்களில் ஒருவர் நம் ஊரில் படித்தவர்.

அம்பத்தூர் ரயிலில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரே இருக்கிறது சென்னை மருத்துவக் கல்லூரி. 1895இல் பீமாவரத்தில் பிறந்த எல்லப்பிரகடா சுப்பாராவ், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி வழியாக அங்கே வந்து சேர்ந்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தவறியவர். காந்தியின் அழைப்பைக் கேட்டு கதர் உடுத்தி அறுவை அரங்குக்குப் போனார், பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கையில் வந்தது என்று அவர் வரலாறு சொல்கிறது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துவிட்டு, 1920களின் தொடக்கத்தில் கப்பலேறி பாஸ்டன் போனார். அங்கே மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து பாஸ்பரஸ் அளக்கும் முறை ஒன்றை 1925இல் வெளியிட்டார். மாலிப்டேட் கலந்தால் நீல நிறம் எழும். எவ்வளவு நீலமோ அவ்வளவு பாஸ்பேட். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று எங்கள் பக்கத்து பயோகெமிஸ்ட்ரி லேபில் தினமும் புழங்கிய பெயர்தான். தசைச் சாற்றில் இதைச் செய்தபோது ஒரு தொந்தரவு வந்தது. நீலம் உடனே முழுதாக எழவில்லை, மெள்ள மெள்ளக் கூடிக்கொண்டே போனது. வேறு ஒருவராக இருந்தால் மருந்து கெட்டுவிட்டது என்று கொட்டியிருப்பார். இவர்கள் நின்று பார்த்தார்கள். தசைக்குள் ஏதோ ஒரு பொருள் பாஸ்பேட்டைப் பிடித்துவைத்து, அமிலத்தில் உடைந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அதுதான் பாஸ்போகிரியாட்டின், 1927. அதே ஆண்டில் இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியும் அதைத் தொட்டிருந்தார்கள். தசை வேலை செய்தால் அது குறைகிறது, ஓய்ந்தால் மறுபடி கூடுகிறது. 1929இல் ஏடிபி, பாஸ்பேட் தாங்கிய இன்னொரு தசைப் பொருள். ஜெர்மனியில் கார்ல் லோமானும் ஹார்வர்டில் இந்த இருவரும் தனித்தனியாகக் கண்டார்கள்.

அடுத்த ஆண்டு கோபன்ஹேகனில் ஐனார் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலமே உண்டாகாதபடி அயோடோஅசிடேட்டால் தவளைத் தசையை நஞ்சூட்டினார். தசை சுருங்கியது, திரும்பவும் சுருங்கியது. பாஸ்போகிரியாட்டின் இருக்கும்வரை சுருங்கியது. அது தீர்ந்து, ஏடிபியை ஈடுசெய்ய வழியில்லாமல் போனதும் தசை தளர்ந்து விழவில்லை, விறைத்துவிட்டது.

எங்கள் தெருவில் பிசியோதெரபி படிக்கிற பெண் ஒருத்தி சந்தேகம் கேட்க வருவாள். “தாத்தா, ஏடிபி தீர்ந்துட்டா தசை லூஸ் ஆயிடும்தானே?” என்றாள். அறுத்த ஆடு சில மணி நேரத்தில் ஏன் விறைக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

செல்லுக்குள் நடப்பதைக் கிணற்றில் வாளி இறைப்பதை வைத்துத்தான் அவளுக்குச் சொன்னேன். ஒரு கை கயிற்றைப் பிடித்து இழுக்கிறது, விடுகிறது, மேலே போய் மறுபிடி பிடிக்கிறது. கயிறு நீளம் குறைவதில்லை, நகர்கிறது. தசை இழைக்குள் ஆக்டின் மெல்லிழை கயிறு, மயோசின் தடியிழையில் நீட்டிக்கொண்டிருக்கும் தலைகள் கைகள். 1954 மே மாதத்தில் ‘நேச்சர்’ இதழின் ஒரே இலக்கத்தில் இரண்டு கட்டுரைகள் இதைச் சொல்லின. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கேயும் எழுதியது, மற்றது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர். (அதே ஆண்டு ஆகஸ்டில் அதே இதழில் சென்னையிலிருந்து ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தசைநாணில் இருக்கும் கொலாஜனின் அமைப்பை வெளியிட்டார்கள். தசையை எலும்போடு கட்டுகிற நாணின் கணக்கு கிண்டிப் பக்கத்தில் தீர்ந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.)

ஏடிபி எந்த இடத்தில் வருகிறது என்பதுதான் முக்கியம். பிடித்த கையை விடுவிக்கவே அது வேண்டும். புதிய ஏடிபி மூலக்கூறு ஒன்று வந்து மயோசின் தலையில் ஒட்டினால்தான் தலை ஆக்டினை விடும். வராவிட்டால் பிடித்தபடியே நிற்கும், அதுதான் பிண விறைப்பு. கயிற்றைப் பிடிக்க அனுமதி தருவது ரிங்கரின் கால்சியம். நரம்புச் செய்தி வந்ததும் செல்லுக்குள் இருக்கும் பைகளிலிருந்து அது கொட்டுகிறது. மெல்லிழையில் உள்ள ட்ரோபோனின் அதைப் பிடிக்கிறது, மயோசின் தலை பிடிக்கும் இடம் திறக்கிறது. ட்ரோபோனினை 1960களில் கண்டவர் டோக்கியோவில் செட்சுரோ எபாஷி. செய்தி நின்றதும் அந்தக் கால்சியத்தைத் திரும்பப் பைக்குள் இறைத்தாக வேண்டும். இரண்டு கால்சியத்துக்கு ஒரு ஏடிபி என்று அதை இறைக்கிற பம்பு கூலி வாங்குகிறது. எங்கள் டிரம்மில் 0.05 வினாடியாக விழுந்தது அந்தப் பம்பு வேலை செய்த நேரமும் தலைகள் விட்டுப் பிரிந்த நேரமும்தான். களைத்த தசையில் இரண்டுமே மந்தமாகின்றன. அதனால்தான் கோடு இறங்க மறுக்கிறது.

சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். தமிழ்நாட்டில் யானைக்கால் நோய்க்கு வீடு வீடாகக் கொடுத்தார்களே டிஇசி மாத்திரை, அது அங்கே அவர் குழுவில் வந்தது. 1948இல் 53 வயதில் இறந்தார்.

2014இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் வகுப்புகளில் அறுப்பதை நிறுத்தச் சொன்னது. மருத்துவக் கல்லூரிகளிலும் தவளை போய்க் கணினி வந்தது. அந்தச் சாக்குக்காலம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். ஊசி குத்த மாட்டேன் என்று அழுத பிள்ளைகளைப் பார்த்தவன் நான். ஆனால் அந்தப் பெண் காட்டிய மென்பொருளில் களைப்பு வரைகோடு என்ற பொத்தானை அழுத்தினால் மேடு மட்டும் குட்டையாகிறது, இறக்கம் அப்படியே இருக்கிறது. அடுத்த பதிப்பு செய்கிறவர்கள் அதைத் திருத்தட்டும். கூடவே அயோடோஅசிடேட் என்று ஒரு பொத்தானும் வைக்கட்டும். லுண்ட்ஸ்கார்ட் பார்த்த விறைப்பை ஒரு தவளையும் சாகாமல் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.