வழிகாட்டியின் பெயர்களும் கல்லின் பெயர்களும்: மாமல்லபுரக் குறுஞ்சுற்று குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மாமல்லபுரத்தின் கலைச்சின்னங்களை ஓரிரு மணி நேரத்தில் சுற்றிக்காட்டும் வழக்கம் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. அச்சுற்றில் வழங்கும் பெயர்கள் பலவும் பல்லவர் இட்டவை அல்ல. பல்லவர் இட்ட பெயர்களோ கல்லில் இருந்தும் பார்வையாளரைச் சென்றடைவதில்லை. சுற்றின் நான்கு நிலையங்களை எடுத்துக்கொண்டு, வழங்குபெயரையும் கல்வெட்டுப் பெயரையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. வழங்குபெயர்களைப் பிழையென ஒதுக்காமல் அவற்றையும் ஒரு வரலாற்று அடுக்காகக் கொள்ள வேண்டும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மாமல்லபுரம், பல்லவர், ஒற்றைக்கல் கோயில், கல்வெட்டு, பாரதக் கூத்து, வழிகாட்டி மரபு.

முன்னுரை

2019ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் இந்தியத் தலைமையமைச்சர் நரேந்திர மோதி சீன அதிபர் ஷி சின்பிங்கை மாமல்லபுரத்தில் வரவேற்று, அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து, ஐந்து இரதங்கள், கடற்கரைக் கோயில் ஆகியவற்றைச் சுற்றிக்காட்டினார். நாள்தோறும் அங்கு வரும் பயணிகள் செல்லும் வழியும் பெரும்பாலும் இதுவே. 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இவ்வூரைப் பெரும்பாலோர் அறிவது இத்தகைய குறுஞ்சுற்றின் வாயிலாகத்தான்.

மேற்கண்ட நான்கு பெயர்களையும் நோக்குக. முதல் மூன்றும் இதிகாச, புராணப் பெயர்கள். நான்காவது இடம் சுட்டும் பெயர். இவற்றுள் பல்லவரை நினைவூட்டும் பெயர் ஒன்றேனும் இல்லை. ஆயினும் தம் விருதுப்பெயர்களைப் பல்லவ மன்னர்கள் போலக் கல்லெங்கும் பொறித்துவைத்த அரச மரபினர் தமிழகத்தில் அரியர். பெயர் பொறிப்பதில் இத்துணை நாட்டம் கொண்டோர் எழுப்பிய சின்னங்கள் அவர்களது பெயரின்றி வழங்கும் நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் வினா.

அச்சில் ஏறிய வழிகாட்டிகள்

இவ்வூர் பற்றிய முதல் விரிவான ஆங்கிலக் குறிப்பு வில்லியம் சேம்பர்சினுடையது. 1772லும் 1776லும் இங்கு வந்த அவர் எழுதிய கட்டுரை 1788இல் ஏசியாடிக் ரிசர்ச்சஸ் முதல் தொகுதியில் வெளிவந்தது. மாலுமிகளிடையே ‘ஏழு கோயில்கள்’ என்னும் பெயர் வழங்கியதையும், கடலுள் செப்புக் கலசங்கள் ஒளிர்ந்ததாக முதியோர் கூறியதையும், தேவர்கள் பொறாமை கொண்டதால் நகரைக் கடல் விழுங்கியது என்னும் கதையையும் அவர் பதிவு செய்தார். உள்ளூர் அந்தணர் சொன்னவற்றையே அவர் பெரிதும் சார்ந்திருந்தார். வழிகாட்டியின் வாய்மொழி அவ்வாறுதான் முதன்முதலில் அச்சேறியது.

தொடர்ந்து கோல்டிங்காமின் கட்டுரை 1798இல் வந்தது. மெக்கன்சியின் உதவியாளரான காவலி லட்சுமய்யா 1803இல் தெலுங்கில் ஒரு விவரிப்பை எழுதினார். பிராடக் தொகுத்த ஒரு வழிகாட்டி 1844இல் வெளியாயிற்று. இவ்வெழுத்துகள் பலவற்றையும் கார் என்பவர் 1869இல் ஒரே நூலாகத் தொகுத்தார். உள்ளூரார் சொன்ன பெயர்கள் இவ்வாறு நூற்பெயர்களாக உறுதிப்பட்டு, பின்னர்த் தொல்லியல் துறையின் பலகைகளிலும் இடம்பெற்றன.

இதே காலத்தில் கல்வெட்டுகளை வாசிக்கும் மற்றொரு மரபும் தோன்றியது. பாபிங்டன் 1830இல் வெளியிட்ட கட்டுரை இங்குள்ள பொறிப்புகளை ஆய்ந்தது. ஹுல்ஷ் 1890இல் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி அவற்றின் பாடங்களை ஆய்வுலகிற்கு அளித்தது. ஆனால் கல்வெட்டு மரபு நூலகத்திலும் வாய்மொழி மரபு சுற்றுவழியிலும் என இரண்டும் தனித்தனியே நிலைத்தன.

ஐந்து இரதங்கள்

‘பஞ்சபாண்டவர் இரதம்’ என்னும் பெயரில் பாண்டவர் தொடர்பு, இரதம் என்னும் வகைப்பாடு ஆகிய இரு கூறுகளுக்கும் பல்லவர் காலச் சான்று இல்லை. இவை தேர்கள் அல்ல. மரத்தாலும் செங்கல்லாலும் கட்டப்பட்ட கோயில்களின் வடிவைக் கல்லில் வடித்த ஒற்றைக்கல் தளிகள். திரௌபதி இரதம் எனப்படுவது கூரைக்குடிசை வடிவில் அமைந்த கொற்றவை கோயில். அதன் பின்சுவரில் தேவி நிற்கிறாள். அவள் காலடியில் ஓர் அடியவன் தன் தலையை அரிந்து படைக்கும் நிலையில் உள்ளான். வெளியே தேவியின் ஊர்தியாகிய சிங்கம் நிற்கிறது. நகுல சகாதேவ இரதம் யானையின் பின்புறம் போன்ற தூங்கானை வடிவினது. சிற்பியர் அதன் அருகிலேயே ஒரு யானையையும் செதுக்கிவைத்துள்ளனர். விமான வடிவின் பெயரை உருவத்தாலேயே விளக்கியது போன்ற அமைப்பு இது.

தருமராச இரதம் எனப்படும் மூன்று தளக் கோயிலின் மேல்தளத்தில் ‘அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம்’ என்னும் பெயர் பல்லவ கிரந்தத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. மன்னனின் விருதுப்பெயர்கள் பலவும் அங்கு உள்ளன. ‘கிருகம்’ என்னும் சொல்லே இது இறைவனின் இல்லம் என்பதை அறிவிக்கிறது. ஆனால் அப்பொறிப்பு தரையில் நின்று காண்பவரின் கண்ணுக்கு எட்டாது. காணக்கூடிய பெயர் காவியப்பெயராகவும், காணவியலாத பெயர் வரலாற்றுப்பெயராகவும் அமைந்துவிட்டன.

எனினும் வழங்குபெயரை இட்டோர் உருவத்தை நோக்காது இட்டனர் என்று கூற இயலாது. உயர்ந்து நிற்பது மூத்தவனாகிய தருமனுக்கும், நீண்டு பருத்த சாலைக்கூரை உடையது வீமனுக்கும், மிகச் சிறியது திரௌபதிக்கும் உரியனவாயின. கதைமாந்தர் அறுவர், கோயில்கள் ஐந்து என்ற நிலையில் இரட்டையராகிய இளையோர் இருவர்க்கும் ஒன்றே அளிக்கப்பட்டது. வடிவங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஒருவகை வாசிப்பு இப்பெயர்களுக்குள் இருக்கிறது.

அர்ச்சுனன் தபசு

ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பாறைப்பரப்பில் வடிக்கப்பட்ட பெருஞ்சிற்பத் தொகுதியின் பெயர் நெடுநாள் விவாதத்திற்கு உரியது. ஒற்றைக்காலில் நின்று தவம் புரியும் மெலிந்த முனிவரும், அவருக்கு வரமளிக்கும் சிவனும் அர்ச்சுனன் பாசுபதம் பெற்ற கதைக்குப் பொருந்துவர். பாறையின் நடுப்பிளவும், அதில் நீந்தி மேலேறும் நாகர்களும், மேலிருந்து நீர் விழச் செய்வதற்கான அமைப்பும் கங்கை இறங்கிய கதைக்குப் பொருந்தும். இரண்டாவது விளக்கத்தை 1914இல் விக்டர் கோலுபேவ் முன்வைத்தார். இரு பொருளும் ஒருங்கே தோன்றும்படி சிற்பம் திட்டமிடப்பட்டது எனப் பத்மா கைமல் 1994இல் வாதிட்டார். தவசியைப் போல் முன்கால்களை உயர்த்தி நிற்கும் பூனையும், அதனைச் சூழ்ந்த எலிகளும் அத்தொகுதியில் நகையாடலுக்கும் இடமிருந்ததைக் காட்டுகின்றன.

இங்குப் பெயர் பற்றி ஒன்று கருதத்தக்கது. வட தமிழக மாவட்டங்களில் திரௌபதியம்மன் வழிபாடும் பாரதக் கூத்தும் ஆழ வேரூன்றியவை. அவ்விழாக்களில் ‘அர்ச்சுனன் தபசு’ என்பது தனியொரு நிகழ்வு. அர்ச்சுனன் வேடம் பூண்டவர் தபசு மரத்தில் ஏறுவார். பாரதம் கேட்கும் வழக்கம் இந்நிலப்பகுதிக்குப் புதிதும் அன்று. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு நிவந்தம் அளித்ததைக் குறிப்பிடுகிறது. இச்சான்று சிற்பத்தின் பெயரைப் பல்லவர் காலத்திற்கு உரியதாக்காது. ஆனால் கூத்தில் தபசு கண்ட மக்கள் கல்லில் தவசியைக் கண்டபோது அவனை அர்ச்சுனன் என அழைத்ததன் பின்னணியை அது தெளிவாக்குகிறது. வழிகாட்டியின் பெயர் இங்கு ஊரின் சமய வாழ்வுக்குச் சான்றாகிறது.

சுற்றில் சேராத குடைவரைகள்

குறுஞ்சுற்றில் பெரும்பாலும் இடம்பெறாத இரு குடைவரைகள் இவ்வாய்வுக்கு முதன்மையானவை. ஆதிவராகர் குடைவரையில் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்னும் பெயர்ப்பொறிப்புகளுடன் அரச உருவங்கள் தேவியருடன் உள்ளன. அப்பெயர்கள் எந்த மன்னரைக் குறிக்கின்றன என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் உருவமும் பெயரும் ஒருங்கே கிடைக்கும் அரிய இடம் அது. இன்றும் வழிபாட்டில் உள்ள தளியாதலால் அது கலைச்சின்னமாக அன்றிக் கோயிலாகவே தன் வாழ்வைத் தொடர்கிறது.

இராமானுச மண்டபத்தின் பெயர் வைணவம் சார்ந்தது. அதன் தரையிலோ, நெஞ்சில் உருத்திரனை இருத்தாதோரைச் சபிக்கும் பல்லவர் காலப் பொறிப்பு உள்ளது. உட்சுவர்ச் சிற்பங்கள் பிற்காலத்தில் செதுக்கி அழிக்கப்பட்டுள்ளன. சைவத் தளி ஒன்று வைணவ மண்டபமாக மாறிய வரலாறு முழுவதும் ஒரு பெயர், ஒரு பொறிப்பு, ஒரு வெற்றுச்சுவர் ஆகிய மூன்றில் அடங்கியுள்ளது. பெயரை மட்டும் சொல்லி நகரும் வழிகாட்டல் இம்மாற்றத்தை மறைத்துவிடும். பொறிப்பை மட்டும் சொல்லும் வழிகாட்டலோ பிற்கால வழிபாட்டின் வரலாற்றை இல்லாததாக்கிவிடும்.

கடற்கரைக் கோயிலும் ஏழு கோயில் கதையும்

கடற்கரைக் கோயில் ஒரே கோயில் அன்று. இரு சிவத்தளிகளுக்கு இடையே, கிடந்த கோலத் திருமாலின் பாறைச்சிற்பம் கொண்ட தளி அமைந்துள்ளது. முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு இவற்றைச் சத்திரியசிம்ம பல்லவேசுவரம், இராசசிம்ம பல்லவேசுவரம், பள்ளிகொண்டருளிய தேவர் என மூன்று பெயர்களால் சுட்டுகிறது. சோழர் காலத்திலும் பல்லவப் பெயர்கள் வழக்கில் இருந்தமைக்கு இது சான்று. எனவே அப்பெயர்களின் மறைவு பல்லவர் வீழ்ச்சியோடு உடனே நிகழ்ந்ததன்று. அதற்கு நெடுங்காலம் பிந்தியது.

ஏழு கோயில்களைக் கடலுள் தேடும் ஆர்வம் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் புத்துயிர் பெற்றது. ஆனால் அப்பேரலை தந்த பெரும் பயன் கரையிலேயே கிட்டியது. அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் அலை வெளிப்படுத்திய பாறைக் கல்வெட்டுகள் முருகன் கோயில் ஒன்றைக் குறிப்பிட்டன. அதன் வழியே 2005இல் அகழ்ந்தபோது செங்கற் கோயிலின் எச்சம் வெளிப்பட்டது. கதை கடலை நோக்கச் செய்தது. கல்வெட்டின் வாசிப்போ காலடியில் இருந்ததைக் காட்டியது. பெயர் பொறித்த கல்லை வாசிப்பதன் பயனை விளக்க இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

புதிய பெயர்களும் புதிய கதைகளும்

வழிகாட்டி மரபு இன்றும் வளர்ந்து வருவது. 1944இல் கல்கி இதழில் தொடராக வரத் தொடங்கிய ‘சிவகாமியின் சபதம்’, முதலாம் நரசிம்மவர்மனாகிய மாமல்லனையும் அவன் தந்தை மகேந்திரனையும் தமிழ் வாசகர் நெஞ்சில் நிறுத்தியது. மாமல்லபுரம் முழுவதையும் அவ்விருவரோடு இணைத்துக் காணும் போக்கிற்கு அந்நாவல் வலுவூட்டியது. ஆய்வுலகில் நிலை வேறு. பல மன்னர் காலத்தில் படிப்படியாக எழுந்தவை என்னும் கருத்துக்கு மாறாக, இங்குள்ள அனைத்தும் இராசசிம்மன் காலத்தவை என இரா. நாகசாமி 1962இல் வாதிட்டார். அத்யந்தகாமன் என்னும் விருதுப்பெயர் எவருக்கு உரியது என்பது அவ்வாதத்தின் அச்சாணி. எனவே தருமராச இரதத்தின் மேல்தளப் பொறிப்பு, ஊரின் காலவரையறையையே தீர்மானிக்கும் சான்றுகளுள் ஒன்று. அதனைச் சொல்லாது விடும் சுற்று, ஊரின் முதன்மையான வினா ஒன்றையே சொல்லாது விடுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, சுற்றில் வழங்கும் பெயர்கள் பிற்காலத்தவை. ஆயினும் பாரதக் கூத்து, வழிபாட்டு மாற்றம், அச்சு, நாவல் ஆகியவற்றின் தடங்களை அவை தாங்கியுள்ளன. இரண்டாவது, கல்வெட்டுப் பெயர்கள் சோழர் காலம் வரை வழங்கிப் பின்னர் மறைந்தன. அவற்றை மீட்டது 19ஆம் நூற்றாண்டின் கல்வெட்டு வாசிப்பு. மூன்றாவது, இவ்விரு மரபுகளும் பிரிந்தே நிற்பதால் பொதுமக்களின் வரலாற்றறிவு குறைவுபடுகிறது.

இக்குறையைக் களையச் சுற்றின் நேரத்தை நீட்ட வேண்டுவதில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் கல் தன்னை எவ்வாறு அழைத்துக்கொள்கிறது, ஊர் அதை எவ்வாறு அழைக்கிறது, அறிஞர் அதைப் பற்றி எங்கு வேறுபடுகின்றனர் என்னும் மூன்று செய்திகள் போதும். எட்டாத உயரத்தில் உள்ள பொறிப்புகளின் படியும் பாடமும் தரைமட்டத்தில் தமிழில் வைக்கப்பெறலாம். வழிகாட்டிகளுக்கான பயிற்சியில் கல்வெட்டு வாசிப்பும், ஆய்வாளரின் களப்பணியில் வழிகாட்டிகளின் வாய்மொழிப் பதிவும் இடம்பெறுதல் வேண்டும். வழிகாட்டி சொல்லும் பெயரோடு கல் சொல்லும் பெயரும் ஒருசேர ஒலிக்குமாயின், குறுகிய சுற்றும் நிறைவான வரலாற்றுப் பாடமாக அமையும்.