எழுதிய தொம்பை, தைத்த தொம்பை

கோயில் தேரிலும் மண்டபத்திலும் தொங்கும் தொம்பையைப் பார்க்காத தமிழர் குறைவு. உருளையாகத் தைத்த துணி. மேல்வாயில் ஒரு வளையம். காற்று வந்தால் மெல்லச் சுழலும். அது இரண்டு வேறு பட்டறைகளில் பிறக்கிறது என்பது கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு பட்டறையில் வெறும் துணிமேல் எழுதுகோலால் உருவம் எழுதிச் சாயம் ஏற்றுகிறார்கள். மற்றதில் வண்ணத் துணிகளை வெட்டி, அடித்துணிமேல் வைத்துத் தைக்கிறார்கள். தோரணம், வாசமாலை, அஸ்மானகிரி என்னும் விதானம், தேர்ச்சீலை ஆகியவற்றிலும் இந்த இரு வழிகளையும் பார்க்கலாம். பயன் ஒன்று, தொங்கும் இடமும் ஒன்று. துணியில் வண்ணம் என்ன செய்யும், தையல் என்ன செய்யும் என்று படிக்க இதைவிட நேரான இணை நம்மிடம் இல்லை.

இந்த ஒப்பீட்டை ஆரணியை மனத்தில் வைத்து எழுதுகிறேன். துணிகளை அடுக்கி, நடுவே பஞ்சு வைத்து, இழையோட்டித் தைக்கும் குவில்ட் இன்று போர்வையோடு நிற்கவில்லை. சுவரில் மாட்டும் ஓவியமாகவும் வளர்ந்திருக்கிறது. சாயத்தையும் ஊசியையும் கலந்து பலர் சோதிக்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற பட்டு நெய்யும் ஆரணியில், ரவிக்கை வெட்டியது போக மிஞ்சும் பட்டுத் துண்டுகள் தையல் கடைதோறும் சேர்கின்றன. அவற்றைக் கொண்டு ஒருவர் துணி ஓவியம் செய்ய நினைத்தால் எதை முதலில் கையில் எடுக்க வேண்டும், தூரிகையையா ஊசியையா? ஊசியை என்பது என் துணிபு. அதற்கான காரணம் தொம்பையிலேயே இருக்கிறது.

எழுதிய தொம்பைக்கு இன்றும் பெயர் சொல்லும் ஊர், கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டை. கருப்பூர் கலம்காரி ஓவியம் என்ற பெயரில் இந்த மரபு 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. கலம்காரியின் வேலைமுறையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். பின்னால் பட்டுக்கு வரும்போது அது தேவைப்படும். காடாத் துணியைச் சாணம் கரைத்த நீரில் ஊறவைத்து வெயிலில் வெளுக்கிறார்கள். பிறகு கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் முக்கி உலர்த்துகிறார்கள். பாலின் கொழுப்பு மை பரவாமல் பிடித்துக்கொள்கிறது. கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். துரு ஏறிய இரும்பை வெல்ல நீரில் நாள்கணக்கில் ஊறவிட்டு வடித்த நீர்தான் கறுப்பு மை. மூங்கில் எழுதுகோலின் நுனியிலிருந்து இறங்கும் அது, கடுக்காய் ஏறிய துணியைத் தொட்ட பிறகே நல்ல கறுப்பாகிறது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் பூசுவார்கள். பின் சாயவேர் போன்ற வேர்ச்சாயத்தில் துணியைக் கொதிக்கவிட்டால் படிகாரம் பட்ட இடத்தில்தான் சிவப்பு நிற்கும். நீலத்துக்கு அவுரி.

இத்தனை வேலைக்கும் பிறகு கையால் தடவினால் விரலில் படுவது வெறும் துணிதான். நிறம் துணியின் மேலே படியவில்லை, நூலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. துணி மடியும், சுருளும், காற்றில் ஆடும். அதன் இயல்பு எதுவும் கெடுவதில்லை. ஆகவே எழுதுபவருக்கு முழுச் சுதந்திரம். தலைமுடி அளவு கோடு வேண்டுமா, போடலாம். ராமாயணத்தைக் கட்டம் கட்டமாகச் சொல்ல வேண்டுமா, சொல்லலாம். கண்ணிமை, நகக்கண், யாளியின் பிடரி மயிர் எல்லாம் கோட்டின் வேலை. இந்தச் சுதந்திரத்துக்கு ஒரே நிபந்தனை, துணி வெள்ளையாக இருக்க வேண்டும்.

தைத்த தொம்பை இதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. சிவப்பு அடித்துணி, அதன்மேல் வெள்ளை, மஞ்சள், பச்சை, கறுப்புத் துணிகளில் வெட்டிய தாமரை, மயில், யானை, கிளி, தெய்வ உருவங்கள். ஓரத்தை உள்ளே மடித்து, மடிப்பு பிரியாமல் தைக்க வேண்டும். மடிப்பு என்று ஒன்று வந்துவிட்டால் நுட்பத்துக்கு எல்லையும் வந்துவிடுகிறது. கூர்மையான மூலையில் துணி குவிந்து தடிக்கும், குழிவான வளைவில் வெட்டுக் கொடுக்காவிட்டால் இழுக்கும். எனவே அப்ளிக் என்னும் இந்த வெட்டுத் தையலைச் செய்பவர் உருவத்தைச் சுருக்கக் கற்றுக்கொள்கிறார். மயிலின் தோகை ஐந்தாறு இதழாகிவிடும். கண் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு புள்ளியும்தான். கதை சொல்ல இதில் இடம் இல்லை.

தேர் ஓடும் வீதியில் நின்று பார்ப்பவருக்கு அந்தச் சுருக்கம்தான் எட்டுகிறது. ஆரணியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கும் திருவண்ணாமலையில், கார்த்திகைத் தீப விழாவின் ஏழாம் நாள் மகா ரதம் மாட வீதியில் வரும்போது மக்கள் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நெரிசலில் நின்று பார்க்கிறார்கள்! அந்த உயரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு கரைந்து போகும். வெட்டித் தைத்த மஞ்சள் தாமரை வீதிமுனை வரை தெரியும். எழுதிய தொம்பையின் இடம் மண்டபம். நின்று, நிமிர்ந்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்க்க முடிகிற இடம். ஒடிசாவின் பிப்பிலியில் ஜகந்நாதர் தேருக்குத் துணி வெட்டித் தைக்கும் மரபு ஊன்றியதற்கும் இந்தத் தொலைவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

வெளிச்சத்திலும் இரண்டும் வேறுபடுகின்றன. எழுதிய துணி தட்டை; காலையிலும் மாலையிலும் அதே முகம். தைத்த துணியில் ஒவ்வோர் ஓரமும் நூலளவு உயர்ந்து நிற்பதால் சாய்ந்த வெயிலில் நிழல் விழுகிறது. கோடு போடாமலே அங்கே கோடு பிறக்கிறது. குவில்ட் என்ற கலை முழுவதும் இந்த ஓர் உண்மையின்மேல் நிற்கிறது: பஞ்சின்மேல் தையல் அழுந்தும் இடம் பள்ளம், அழுந்தாத இடம் மேடு.

பழையதாகும்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். இரும்பு மையில் எழுதிய துணி, கறுப்புக் கோடு ஓடிய தடத்திலேதான் முதலில் இற்றுப்போகும். இரும்பு நாளடைவில் நூலை அரித்துவிடுகிறது. அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய கலம்காரித் துணிகள் பலவற்றில் கறுப்பு இருந்த இடம் உதிர்ந்து, உருவத்தின் எல்லை ஓட்டையாக நிற்கிறது. அதைப் பழையபடி ஆக்க வழியில்லை. தைத்த தொம்பையில் நூல் அறும், ஒரு துண்டு வெளுக்கும். துண்டை மாற்றிவிட்டால் தொம்பை மறுபடி தேருக்குப் போகும். ஆண்டுதோறும் வெயிலிலும் மழையிலும் இறங்கும் துணிக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இனி ஆரணிக்கு வருவோம். இங்கே கைக்குக் கிடைக்கும் துணி காடா அல்ல, பட்டு. அதிலும் நூலாக இருக்கும்போதே சாயம் போட்டு, பிறகு பாவாகவும் ஊடையாகவும் தறியேறிய பட்டு. கலம்காரிக்காரர் கேட்கும் வெள்ளை இங்கே இல்லை. அரக்குச் சிவப்பின்மேல் மஞ்சள் சாயத்தை எழுதினால் மஞ்சள் தெரியாது. சாயம் ஒளி ஊடுருவுவது, அடிநிறம் மேலே வந்துவிடும். மஞ்சள் தெரிய வேண்டுமானால் ஒளி புகாத பெயின்டைத்தான் பூச வேண்டும். சேலையில் பூ வரைய நம் வீடுகளில் பயன்படும் ஃபெவிக்ரில் போன்ற அக்ரிலிக் வண்ணம் அப்படிப்பட்டது. பருத்தியில் அது நன்றாகவே நிற்கும். காய்ந்த பிறகு பின்புறமாக இஸ்திரி போட்டால் துவைப்பையும் தாங்கும். பட்டில் மட்டும் அதைத் தாராளமாகப் பூசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பட்டு இழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணம். அதன் பக்கங்கள் ஒளியைத் திருப்பியும் பிரித்தும் விடுவதால்தான் பட்டு மினுங்குகிறது. பெயின்ட் அதன்மேல் ஒரு தோலாகப் படிந்து அந்த ஒளியை அடைத்துவிடும். மினுமினுப்பை அடைத்துவிட்டால் பட்டைத் தேர்ந்ததற்கே பொருள் இல்லை.

தைத்தால் எதுவும் அடைபடுவதில்லை. இன்னும் ஒரு படி மேலே, தையலுக்கு மட்டும் பட்டு கொடுக்கும் ஒரு வரம் உண்டு. மயில்கழுத்து நிறம் எல்லோருக்கும் தெரியும்: பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம், அசைத்தால் நீலமும் பச்சையும் மாறி மாறி அடிக்கும். அப்படிப்பட்ட ஒரே துணியில் இரண்டு சதுரம் வெட்டி, ஒன்றைப் பாவு மேலிருந்து கீழாக ஓடும்படியும் மற்றொன்றைக் கால் சுற்றுத் திருப்பியும் பக்கத்தில் பக்கம் தைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு துணி போலத் தெரியும். பார்ப்பவர் இடம் மாறினால் கருமையும் வெளிச்சமும் இடம் மாறிக்கொள்ளும். ஒரு சொட்டு வண்ணம் இல்லாமல், ஒரே துண்டிலிருந்து இரு நிறம்! எந்தத் தூரிகையாலும் இதைச் செய்ய முடியாது. ஆற்று நீர், வாழை இலை, மயில், கோயில் குளத்துப் படி என்று நகரும் ஒளி தேவைப்படும் எதையும் திசை மாற்றிய துண்டுகளாலேயே சொல்லிவிடலாம்.

இடர் இல்லாமலும் இல்லை. பட்டில் ஊசி போன துளை மறையாது. பிரித்துத் தைத்தால் தடம் நிற்கும். எனவே மெல்லிய, கூர்மையான ஊசி வேண்டும். ஓரம் விரைவில் இழை இழையாகப் பிரியும். வெட்டுவதற்கு முன்பே பின்புறம் பசை பூசிய மெல்லிய உள்துணியை இஸ்திரிச் சூட்டில் ஒட்டிவிட்டால் அது அடங்கும். ஜரிகை ஓடும் கரையைத் தைப்பது இன்னொரு தொல்லை. ஊசி ஜரிகையில் குத்தினால் மேலே சுற்றிய உலோக இழை பிரிந்து எழுந்து நிற்கும். கரைத் துண்டை அதன் ஓரத்தில் மட்டும் கையால் பிடித்துத் தைப்பதே மேல்.

அப்படியானால் ஆரணியில் வண்ணத்துக்கு இடமே இல்லையா? உண்டு, அதற்கு வழி காட்டுவது கோடாலிக் கருப்பூர். தஞ்சை மராட்டிய அரசர்களின் ஆதரவில் அங்கே செய்த சேலை, நெசவும் எழுத்தும் ஒரே துணியில் கூடியது. பருத்தியில் ஜரிகையை இடைநெய்து, பிறகு மெழுகால் காத்து, கையால் எழுதிச் சாயம் ஏற்றினார்கள். பருத்தி சாயத்தைக் குடிக்கும், ஜரிகை குடிக்காது. ஆகவே சிவப்புக்கும் கருஞ்சிவப்புக்கும் அடியிலிருந்து பொன் மின்னும். எழுதப்போகிறார்கள் என்று தெரிந்தே நெய்த துணி அது. ஆரணியிலும் பட்டுநூலின் இயற்கைப் பசையை நீக்கி, சாயம் போடாமல் வெள்ளையாகவே நெய்து தரச் சொன்னால், தூரிகைக்கு உரிய துணி கிடைத்துவிடும். பட்டுக்குரிய அமிலச் சாயங்களைக் கொண்டு எழுதி ஆவியில் வேகவைத்தால் நிறம் இழைக்குள் ஏறும். மினுமினுப்பு அப்படியே இருக்கும். மிஞ்சிய வண்ணத் துண்டுக்குத் தையல், எழுதவென்றே நெய்த வெள்ளைப் பட்டுக்குச் சாயம். இந்தப் பிரிவினை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

இரண்டையும் ஒரே படைப்பில் சேர்ப்பவர்கள் எந்த வரிசையில் செய்கிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. சோழமண்டலக் கரையின் எழுதிய துணிகள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குப் போய், பஞ்சு வைத்த விரிப்புகளாகவும் பாவாடைகளாகவும் தைக்கப்பட்டன. அவற்றில் பலவற்றில் தையல் சாய்சதுரக் கட்டமாக ஓடும். கீழே இருக்கும் பூவுக்கும் கொடிக்கும் அதோடு உறவில்லை. எழுதியவரும் தைத்தவரும் ஒருவரை ஒருவர் அறியாததன் விளைவு அது. அமெரிக்காவின் ஃபெய்த் ரிங்கோல்டு 1980இல் தன் தாய் வில்லி போசியோடு சேர்ந்து ‘எக்கோஸ் ஆஃப் ஹார்லெம்’ என்ற குவில்டைச் செய்தார். தாய் ஆடை வடிவமைப்பாளர், மகள் ஓவியர். 1988இல் அவர் செய்த ‘டார் பீச்’சில் நடுவே கான்வாஸில் அக்ரிலிக் ஓவியம், சுற்றிலும் துண்டுத் துணிகளைத் தைத்த கரை. அங்கே கதையைச் சொல்வது வண்ணம், அதை ஏந்தி நிற்பது துணி. நம் எழுதிய தொம்பையும் தைத்த தொம்பையும் ஒரே சட்டத்தில் வந்து உட்கார்ந்ததாக எனக்குத் தோன்றும். குவில்ட் கலைஞர் ஹாலிஸ் ஷாட்லேன் வேறு வழியில் போகிறார். வெட்டாத ஒரே துணியில் கெட்டியாக்கிய சாயத்தால் முழு ஓவியத்தையும் எழுதிவிட்டு, அதன்மேல் பல நிற நூல்களால் எந்திரத் தையலை நெருக்கமாக ஓட்டுகிறார். முகத்தின் வளைவையும் மணலின் அலையையும் தையல் பின்தொடர்கிறது. 2004இல் ஹூஸ்டன் குவில்ட் கண்காட்சியில் அவருடைய ‘ப்ரெஷஸ் வாட்டர்’ முதற்பரிசு பெற்றது.

வண்ணம் முதலில், தையல் பிறகு என்ற இந்த வரிசை வெள்ளைப் பட்டுக்குப் பொருந்தும். ஆரணித் துண்டுகளுக்கு அதைத் திருப்பிப் போட வேண்டும். துண்டுகளைத் தைத்து, பஞ்சு வைத்து, இழையோட்டி முடித்து, மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு, தேவையான இடத்தில் மட்டும் நீர்த்த இருண்ட சாயத்தைத் தொடலாம். பள்ளத்தில் இறங்கும் சாயம் நிழலை ஆழப்படுத்தும். இருண்ட நிறம் அடிநிறத்தை மறைக்க வேண்டியதில்லை என்பதால் முன்பு சொன்ன மஞ்சளின் சிக்கல் இதற்கு வராது. நீர்த்த சாயம் பட்டில் விரைந்து பரவும். ஒரு வெட்டுத்துண்டில் முதலில் தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கைகளுக்குப் பஞ்சமில்லை. தமிழகமெங்கும் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்யும் பெண்கள் சட்டத்தில் பட்டை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடுகிறார்கள். பட்டின் குணம் அவர்கள் விரலுக்குத் தெரியும். சாதாரணத் தையல் மெஷினின் பாதத்தைக் கழற்றிவிட்டு, வளையத்தில் துணியை இறுக்கி, கையால் நகர்த்தி எம்பிராய்டரி போடுபவர்களும் ஊர்தோறும் உண்டு. குவில்ட் கலைஞர்கள் கட்டற்ற எந்திரத் தையல் என்று தனியாகப் பயில்வது ஏறக்குறைய இதே வேலைதான். பஞ்சு வைத்த மூன்றடுக்கின்மேல் அதை ஓட்டிப் பழகினால் போதும். இவர்களுக்குப் புதிதாக இருக்கப்போவது ஒன்றே ஒன்று, துண்டின் திசை. வெட்டும் முன்பே ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பாவு ஓடும் பக்கத்தைச் சாக்பீஸால் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். வெட்டிக் குவித்த பிறகு பாவு எது, ஊடை எது என்று அறிய, ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.