முதல் மணி நேரத்தின் காவல்

2008 நவம்பர் 26 வரை இந்தியக் காவல்துறைக்குப் பழகிய பயங்கரவாதம் பெரும்பாலும் இரண்டு வகை. குண்டை வைத்துவிட்டு ஆள் மறைந்துவிடுவான். அல்லது பிணைக்கைதிகளைப் பிடித்துவைத்துப் பேரம் பேசுவான். முன்னதற்குத் துப்புத் துலக்கல், பின்னதற்கு முற்றுகையும் கமாண்டோவும். மும்பைக்குள் நுழைந்த பத்துப் பேர் இந்த இரண்டிலும் அடங்கவில்லை. சாகத் துணிந்தே வந்தவர்கள். ஒரே இரவில் பல இடங்களில் சுட்டுக்கொண்டே போனார்கள். 166 உயிர்கள் பலியாயின.

தேசியப் பாதுகாப்புப் படை மானேசரிலிருந்து கிளம்பி, சண்டிகரிலிருந்து வரவழைத்த விமானத்தில் ஏறி மும்பை சேர விடியற்காலையாகிவிட்டது. அதற்குள் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் பழைய .303 துப்பாக்கியோடும் லத்தியோடும் எதிர்நின்றவர்கள் சாதாரணக் காவலர்கள். கிர்காவ் சௌபாத்தியில் உதவி சார்பு ஆய்வாளர் துகாராம் ஓம்ப்ளே, தாக்கியவர்களில் ஒருவனான கசாபின் துப்பாக்கியைக் கையால் பற்றியபடியே உயிர்விட்டார். கசாப் உயிரோடு பிடிபட்டது அதனால்தான்.

ஆண்டு முடிவதற்குள் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டம் வந்தது. 2009இல் சென்னை உட்பட நான்கு நகரங்களில் தேசியப் பாதுகாப்புப் படையின் மையங்கள் எழுந்தன. பயங்கரவாத வழக்குகளில் குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை காவலில் வைக்கவும் வழி செய்யப்பட்டது. புலனாய்வுத் திறமையின் குறையை இத்தகைய கால நீட்டிப்பு ஈடுசெய்யும் என்று நான் நம்பவில்லை. இன்னொரு ஓட்டையை அடைக்கவோ ஆண்டுகள் ஆயின. தாக்கியவர்களைப் பாகிஸ்தானிலிருந்து இயக்கியவர்கள் நம் தொலைக்காட்சி நேரலையைப் பார்த்தே தொலைபேசியில் ஆணையிட்டார்கள். அத்தகைய நேரலையைத் தடுக்கும் விதி 2015இல்தான் வந்தது!

கடல்தான் இன்னும் கடினமான பகுதி. கராச்சியிலிருந்து புறப்பட்டவர்கள் ‘குபேர்’ என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி வந்ததால், ஆயிரம் படகுகளுக்கு நடுவே அதுவும் ஒரு படகாகவே தெரிந்தது. கொலாபா கரையில் இறங்கியவர்களை யாரென்று விசாரித்தவர்கள் அங்கிருந்த மீனவர்களே. தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994இலேயே அமைந்தது; மும்பைக்குப் பின் நிலையங்களும் ரோந்துப் படகுகளும் பெருகின. ‘சாகர் கவச்’ என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையில் காவலர்களே ஊடுருவல்காரர் வேடத்தில் போலிக் குண்டோடு கரையேறப் பார்க்கிறார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் தகவல் சொன்ன பிறகு தன்னையே நிலையத்துக்கு அலையவிடுவார்களோ என்று அஞ்சும் மீனவர் 1093 என்ற கடலோரப் பாதுகாப்பு உதவி எண்ணை அழைக்க மாட்டார். அழைப்பவரின் படகு எண்ணை முதலில் கேட்பதா, அவர் கண்டதை முதலில் கேட்பதா என்பதும் அந்த ஒத்திகையில் இடம்பெற வேண்டும்.