கனிஷ்ட இடைநிலைக் கல்வியும் கட்டிளமைப் பருவத்தினரும்: 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் கல்வி வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இரு முனைகளிலேயே கவனஞ் செலுத்தி வந்துள்ளனர். ஒன்று ஆரம்பக் கல்வியின் பரவல். மற்றையது பல்கலைக்கழக அனுமதி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, ஏறத்தாழப் பதினொரு வயது முதல் பதினைந்து வயது வரையான பிள்ளைகள் பயிலும் வகுப்புகள் தம்மளவில் ஆராயப்பட்டமை குறைவு. உடல் விரைந்து வளர்வதும், பாலியல் முதிர்ச்சி தோன்றுவதும், கண்முன் இல்லாதவற்றையும் கருத்தளவிற் கொண்டு தருக்கிக்கும் ஆற்றல் அரும்புவதும், பெற்றோரின் மதிப்பிலும் பார்க்க ஒத்த வயதினரின் மதிப்புப் பெரிதாகத் தோன்றுவதும் இப்பருவத்திலேயாகும். இப்பருவத்தினரைப் பாடசாலை எவ்வாறு நோக்கியது என்ற வினாவுக்கு, 1972 இற் புகுத்தப்பட்டு ஐந்தாண்டுகளிற் கைவிடப்பட்ட சீர்திருத்தம் தரும் விடை தனித்த முக்கியத்துவம் உடையது.

இப்பருவத்தினருக்கெனத் தனிப் பாடசாலை அமைக்கும் முயற்சி ஐக்கிய அமெரிக்காவில் 1909-10 அளவில் கொலம்பஸ், பேர்க்கிலி ஆகிய நகரங்களில் தொடங்கிற்று. ஸ்ரான்லி ஹோல் 1904 இல் வெளியிட்ட கட்டிளமைப் பருவம் பற்றிய பெருநூல் அதற்குக் கருத்துப் பின்னணி வழங்கியது. 1963 இல் வில்லியம் அலெக்சாந்தர் முன்வைத்த நடுநிலைப் பாடசாலைக் கருத்து, அப்பாடசாலை உயர்நிலைப் பள்ளியின் சிறு பிரதியாக இருத்தலாகாது என வற்புறுத்திற்று. எனினும் அங்கும் இடநெருக்கடி, மாணவர் இடைவிலகல் முதலான நிருவாகக் காரணங்கள் உளவியலுக்குச் சமமான பங்கை வகித்தன. இலங்கையில் இப்பருவத்துக்கெனத் தனிக் கட்டிடம் எழவில்லை. முதலாம் வகுப்பிலிருந்தோ ஆறாம் வகுப்பிலிருந்தோ மேல்நோக்கிச் செல்லும் பாடசாலைகளின் நடுப்பகுதியாகவே அது இருந்தது. எனவே இங்கு இப்பருவத்தின் தன்மையைத் தீர்மானித்தவை கலைத்திட்டமும் பரீட்சையுமேயாகும்.

1972 இற்கு முந்திய நிலையில் இவ்வகுப்புகள் ஒரு வடிகட்டியாகவே தொழிற்பட்டன. 1943 இல் வெளிவந்த கன்னங்கரா குழுவின் அறிக்கை, ஆரம்பக் கல்வியின் முடிவில் மாணவரைத் தெரிந்து மூவகைப் பாடசாலைகளுக்கு அனுப்பும் திட்டத்தை முன்வைத்தது. அவ்வகைப் பிரிவினை முழுமையாக நடைமுறைக்கு வரவில்லையாயினும், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை நிலைத்தது. அது கிராமத்து ஏழைப் பிள்ளைகள் பலருக்கு மத்திய மகா வித்தியாலயங்களின் கதவைத் திறந்தது உண்மை. பத்து வயதிலேயே பிள்ளைகளைத் தேறியோர், தேறாதோர் எனப் பிரித்தமையும் உண்மை. அதன்பின் சாதாரண தர வகுப்புகளில் நுழையும்போது கலை, விஞ்ஞானம், வர்த்தகம் என இன்னொரு பிரிவினை. விஞ்ஞானம் பயில்வதற்குப் பிள்ளையின் நாட்டத்திலும் பார்க்கப் பாடசாலையில் ஆய்வுகூடம் இருந்ததா என்பதே முக்கியமாயிற்று.

1971 ஏப்ரல் கிளர்ச்சி ஆட்சியாளரை உலுக்கியது. அதில் ஈடுபட்டோருட் பெரும் பகுதியினர் சுயமொழியிற் கற்ற கிராமப்புறச் சிங்கள இளைஞராவர். அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு, கல்வி வளர்த்த எதிர்பார்ப்புகளுக்கும் பொருளாதாரம் அளித்த வேலைகளுக்குமிடையேயான இடைவெளியை எடுத்துக்காட்டிற்று. கல்வியமைச்சர் பதியுத்தீன் மஹ்மூத், செயலாளர் பிரேமதாச உடகம ஆகியோரின் பொறுப்பில் உருவான சீர்திருத்தம் இச்சூழலிலேயே பிறந்தது. பாடசாலையிற் சேரும் வயது ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையான நான்கு ஆண்டுகள் கனிஷ்ட இடைநிலை எனத் தனிக்கட்டமாக வகுக்கப்பட்டன. அதன் முடிவில் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சை. முதன்முதலில் அது 1975 இல் நடைபெற்றது.

இக்கட்டத்தின் சிறப்பு, எல்லோருக்கும் ஒரே கலைத்திட்டம் என்பதாகும். தாய்மொழி, இரண்டாம் மொழி, சமயம், கணிதம், ஒன்றிணைந்த விஞ்ஞானம், சமூகக் கல்வி, அழகியற் கல்வி, சுகாதாரமும் உடற்கல்வியும் ஆகியவற்றோடு தொழில் முன்னிலைப் பாடங்களும் கட்டாயமாக்கப்பட்டன. பௌதிகம், இரசாயனம், உயிரியல் எனக் கூறுபடாத விஞ்ஞானம், ஆய்வுகூடமற்ற பாடசாலைக்கும் சென்றது. பதினான்கு வயதுவரை எப்பிள்ளையும் ஒரு துறைக்குள் அடைக்கப்படவில்லை. தன் ஆற்றல் எதுவென்று தானே அறியாத பருவத்தில் பிரிவினையை ஒத்திப்போடுவதே பாடசாலை அப்பிள்ளைக்குச் செய்யத்தக்க முதல் உதவி. கற்பித்தல் முறைகள் எவ்வளவு நயமுடையனவாயினும் இதற்கு ஈடாகா.

தொழில் முன்னிலைப் பாடங்களைப் பற்றி அவ்வாறு ஒருசேரக் கூறுதல் இயலாது. உடல் துடிப்பு மிக்க இப்பருவத்தினர் நாள் முழுதும் வாங்கில் அமர்ந்து குறிப்பெழுதுவதிலும் பார்க்க, கையாற் செய்து கற்பது பொருத்தமானதே. பிரதேசத்துத் தொழில்களை ஆராய்ந்து அவற்றையொட்டிப் பாடங்களை அமைக்கலாம் என்ற ஏற்பாடும் நல்லெண்ணத்தின் விளைவே. ஆனால் மீன்பிடியையோ மட்பாண்டத் தொழிலையோ வகுப்பிற் கற்பிக்க வேண்டியவர் அத்தொழிலை அறியாத ஆசிரியர். கருவிகளுக்கும் மூலப்பொருள்களுக்கும் பணம் போதவில்லை. பரீட்சை இருந்தமையால், கைத்தொழிலும் மனனஞ் செய்யும் குறிப்பாக மாறியது. இதனிலும் பாரதூரமான ஒன்றுண்டு. தொழில்கள் சாதியோடு பிணைந்திருந்த எமது சமூகத்தில், ஊரின் தொழிலை ஊர்ப் பிள்ளைக்குக் கற்பித்தல் என்பது, தகப்பனின் தொழிலிலிருந்து விடுபடவே பாடசாலைக்கு வந்த பிள்ளையை மீண்டும் அங்கேயே அனுப்புவதாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1930களில் ஹந்தெச கிராமியக் கல்வித் திட்டம் எதிர்கொண்ட ஐயமும் இத்தகையதே. மத்தியதர வகுப்பினரின் எதிர்ப்பைத் தம் சலுகை குறைந்தமையால் எழுந்த முறைப்பாடு எனத் தள்ளிவிடலாம். ஒடுக்கப்பட்டோரின் தயக்கத்தை அவ்வாறு தள்ளிவிட முடியாது. தமிழ்ப் பிரதேசங்களில், 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் எழுப்பிய கசப்பு, அதே அரசின் எச்சீர்திருத்தத்தையும் ஐயத்தோடு நோக்கச் செய்தது.

நுணுகி நோக்கின், சீர்திருத்தத்தின் அடிப்படைக் குறை அது பிள்ளையை எவ்வாறு கண்டது என்பதிலேயே உள்ளது. 1971 இன் இளைஞனை மனத்திற் கொண்டே பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கல்வி வகுக்கப்பட்டது. நாளைய வேலையற்றவனாக, நாளைய உழைப்பாளியாக அப்பிள்ளை கருதப்பட்டது. பூப்பெய்திய சிறுமியின் கூச்சம், குரல் உடைந்த சிறுவனின் தடுமாற்றம், ஆரம்ப வகுப்பில் ஓர் ஆசிரியரை நம்பியிருந்த பிள்ளை திடீரெனப் பாடத்துக்கொருவராகப் பலரை எதிர்கொள்ளும் திகைப்பு ஆகியன திட்டத்தில் இடம்பெறவில்லை. வழிகாட்டலும் ஆலோசனையும் கலைத்திட்டத்துக்குச் சமமான கவனத்தைப் பெறவில்லை. பொருளாதாரமும் கைகொடுக்கவில்லை: பதினைந்து வயதிற் பத்திரத்தோடு வெளியேறியவருக்கு வேலை காத்திருக்கவில்லை. 1977 யூலையில் ஆட்சி மாறியதும் இத்திட்டம் கைவிடப்பட்டு, சாதாரண தரப் பரீட்சை மீட்டுக் கொணரப்பட்டது.

ஆயினும் அனைத்தும் அழிந்துவிடவில்லை. தொழில் முன்னிலைப் பாடங்கள் மறைந்தன; கணிதமும் விஞ்ஞானமும் எல்லோருக்கும் உரியவை என்ற ஏற்பாடு நிலைத்தது. 1997 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஆறு முதல் ஒன்பது வரையான தரங்களை மீண்டும் கனிஷ்ட இடைநிலை எனத் தனிக்கட்டமாக்கிற்று. 1998 முதல் ஐந்து தொடக்கம் பதினான்கு வயது வரை பாடசாலை செல்லுதல் கட்டாயமாயிற்று. 2016 இல் அது பதினாறு வயதாக உயர்த்தப்பட்டது.

இவ்விவாதங்கள் யாவும் ஆறாம் வகுப்பில் பிள்ளை இருக்கிறது என்ற எடுகோளிலேயே நிகழ்ந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது. 1972 இல் மலையகத்தின் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்தன; ஓராசிரியர் ஒரே மண்டபத்தில் எல்லா வகுப்புகளையும் கற்பித்த பாடசாலைகள் அவற்றுட் பல. அப்பால் படிக்க விரும்பிய பிள்ளை மலையிறங்கி நகரத்துப் பாடசாலைக்குச் செல்ல வேண்டும்; இல்லையேல் தோட்டத்து வேலை, அல்லது தாய் கொழுந்து பறிக்கச் செல்லத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டு வேலை. ஒன்றிணைந்த விஞ்ஞானமோ தொழில் முன்னிலைப் பாடமோ அவர்களை நன்மைக்காகவும் தீமைக்காகவும் தீண்டவில்லை. 1970களின் பிற்பகுதி முதல் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. அவற்றுட் சில பின்னர் இடைநிலை வகுப்புகளையும் பெற்றன. எல்லோருக்கும் பொதுவென 1972 இல் விதிக்கப்பட்ட கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் அங்கு கற்பிக்க ஆசிரியர் போதாமை அதன் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது.